சந்தோஷத்துக்குச் சாக்கு வேண்டுமா?

இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு சந்தோஷத்தை ஒரு மனுஷன் காசு கொடுத்து வாங்கலாமா? அது சம்பளத்தைக் கூட்டாது. வீட்டுக் கடனைக் குறைக்காது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவாது. வெறும் சந்தோஷம், அவ்வளவுதான். அது நியாயமா, வீண் செலவா?

நான் இதைப் புஸ்தகத்தில் வாசித்துவிட்டுக் கேட்கவில்லை. என்னுடைய 51ஆவது வயதில் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். கரடுமுரடான காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள். தடித்த டயர், அகலமான ஹேண்டில்பார், முன் சக்கரத்தில் அதிர்வைத் தாங்குகிற ஃபோர்க், ஈரத்திலும் நின்று பிடிக்கிற டிஸ்க் பிரேக். விலை 1,100 வெள்ளி. "சிங்கப்பூர்ல மலை எங்கய்யா இருக்கு?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். நம் நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று ஏறத்தாழ 164 மீட்டர்தான். ஆனால் காட்டுப் பாதைக்கு உயரம் அவ்வளவு முக்கியமில்லை. வேரும் கல்லும் வளைவும் இருந்தால் போதும்.

நான் அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். முப்பது வருஷமாக என் பயணமெல்லாம் சிமெண்டுச் சுவருக்குள் மேலேயும் கீழேயும்தான். அப்படிப்பட்ட ஒருவன் வாங்கின சைக்கிள் இது.

டாக்டர் சொன்னாரா?

சைக்கிள் வாங்கின செய்தி சபையில் பரவிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "என்ன பிரதர், டாக்டர் சொன்னாரா? சுகர் இருக்கா?"

"இல்லை, சும்மா சந்தோஷத்துக்குத்தான்" என்றேன்.

அப்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் பேச்சை மாற்றினார். ஒரு சிஸ்டர் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். சுகர், பிரஷர், கொழுப்பு என்று ஏதாவது ஒன்றை நான் சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். "நல்லது பிரதர், உடம்பைப் பார்த்துக்கணும்" என்று வாழ்த்தியிருப்பார்கள். அதே சைக்கிள், அதே 1,100 வெள்ளி, அதே காடு. வியாதி என்கிற சாக்கு இருந்தால் நியாயமான செலவு. சாக்கு இல்லாவிட்டால் வீண் செலவு! ஏன் இப்படி?

நாம் கஷ்டப்பட்டு மேலே வந்த ஜனங்கள். நம் தாத்தாமார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார்கள். ஒவ்வொரு காசுக்கும் அவர்களிடம் கணக்கு இருந்தது. அந்த ஒழுங்குதான் நம்மை இன்றுவரை வாழவைத்திருக்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனாலும் அதே பழக்கம் நம்முடைய ஓய்வுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. தூங்குவது நாளைய வேலைக்காக. நடப்பது ஆரோக்கியத்துக்காக. விடுமுறைக்கு வெளியே போவது பிள்ளைகளுக்காக. எல்லாமே வேறொன்றுக்காக.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வேலை எதற்கு? பணத்துக்கு. பணம் எதற்கு? வீட்டுக்கு. வீடு எதற்கு? நிம்மதியாக இருப்பதற்கு. சரி, நிம்மதியாக எப்போது இருக்கப்போகிறாய்? அதற்கு நேரமில்லை, வேலை இருக்கிறது! இந்தச் சங்கிலி எங்கேயாவது ஓரிடத்தில் முடியவேண்டும் அல்லவா? எதற்காகவும் இல்லாமல் அதற்காகவே நல்லதாயிருக்கிற ஏதோ ஒன்று கடைசியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி முழுவதும் ஆகாயத்தில் தொங்குகிறது.

ஒரு மூப்பர் மட்டும் நேராகக் கேட்டார். "பிரதர், அந்தப் பணத்துல எத்தனை பேருக்கு உதவலாம்?" நல்ல கேள்வி. மழுப்ப முடியாத கேள்வி. விலையேறப்பெற்ற பரிமளதைலத்தை ஊற்றின ஸ்திரீயைக் குறித்தும் இதே கேள்விதான் எழும்பிற்று என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சம்பவத்தை என் சைக்கிளுக்கு வக்காலத்து வாங்க இழுப்பதற்கு எனக்குத் தைரியமில்லை! அவள் ஊற்றினாள், நான் எனக்கென்று வாங்கினேன். ஆகையால் மூப்பரின் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்வோம். கீழே அதற்கு வருகிறேன்.

விளையாட்டில் பிறந்த வாகனம்

இந்தச் சைக்கிள் எப்படி உண்டாயிற்று தெரியுமா? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே மரின் கவுண்டி என்று ஒரு பகுதி. அங்கே டமல்பயஸ் என்கிற மலை. 1970களில் அங்கிருந்த வாலிபர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய், மண் பாதையில் இறங்கி ஓட்டினார்கள். பழைய இரும்புக்குப் போகவேண்டிய சைக்கிள்கள்!

ஃபேர்ஃபாக்ஸ் என்கிற ஊருக்குப் பக்கத்தில் 1976 அக்டோபரில் ஒரு பந்தயம் ஆரம்பித்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதற்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். அந்தக் காலத்துச் சைக்கிளில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின் சக்கரத்தின் நடுவில் பிரேக் பிடிக்கும். மலை அடிவாரத்துக்கு வருவதற்குள் அந்த இடம் சூடேறி, உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். திரும்ப அடைப்பது என்கிற அர்த்தத்தில் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பேர் வந்தது.

1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு சைக்கிளைச் செய்தார். 1979இல் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்கிற இருவர் கம்பெனி தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' என்ற சைக்கிளைத் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்து விற்றது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்க்கப்பட்டது.

இதை ஏன் சொல்லுகிறேன்? பால்காரனின் சைக்கிளும் தபால்காரனின் சைக்கிளும் தேவைக்காக ஓடினவை. இந்தச் சைக்கிளை யாரும் தேவை என்று கேட்கவில்லை. அது முழுக்க முழுக்க விளையாட்டில் பிறந்தது. ஆகையால் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று இதனிடம் கேட்டால், அதற்குச் சொல்ல ஒரு பதிலும் கிடையாது. சந்தோஷம் தவிர.

கண் போகிற இடம்

என்ன சந்தோஷம் அது? சொல்ல முயற்சி செய்கிறேன்.

புக்கிட் பாஞ்சாங் பக்கத்தில் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 81 ஹெக்டர் காடு. 2017இல் முழுவதுமாகத் திறக்கப்பட்டது. சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர் பாதை. நடக்கிறவர்களுக்கு வேறு பாதை. முதல் தரம் நான் போனது ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் டயர் காற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு சீன வாலிபன் என் புதுச் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். "அங்கிள், வேரைப் பார்க்காதீங்க. வேருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாதையைப் பாருங்க. கண்ணு எங்க போகுதோ சக்கரம் அங்கதான் போகும்."

அது எத்தனை உண்மை! பயந்து ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு வந்தால் சைக்கிள் நேராக அந்தக் கல்லின்மேல்தான் ஏறும். வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் உடம்பு தானாகச் சாய்ந்து வளைந்துகொடுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு வேரின் அடியும் தோளில் விழும். தளர்த்திப் பிடித்தால் சைக்கிள் தானே துள்ளி வழி கண்டுபிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட வேண்டும்; வளைவுக்குள் பிடித்தால் டயர் சறுக்கும். காற்றும் குறைவாக இருக்க வேண்டும். சாலைச் சைக்கிளுக்கு நூறு பவுண்டு வரைக்கும் அடிக்கிறார்கள். இதற்கு முப்பதுக்குள் போதும். டயர் கொஞ்சம் இளகி மண்ணைக் கவ்விப் பிடிக்கும்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் செய்கிறபோது வேறு எதையும் நினைக்க முடியாது. திங்கட்கிழமை பழுதுபார்க்க வேண்டிய லிஃப்ட் நினைவில் இல்லை. பேங்க் கடிதம் நினைவில் இல்லை. அடுத்த பத்து மீட்டர் மட்டுமே இருக்கிறது. சில்வண்டுச் சத்தம், ஈர மண் வாசனை, கிளைக்குக் கிளை தாவுகிற நீண்ட வால் கரிச்சான் குருவி. ஒரு மேட்டில் ஏறி மூச்சு வாங்க நின்று தண்ணீர் குடித்தேன். அந்தத் தண்ணீர் அப்படி இனித்தது! தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

என் மனைவி அன்றைக்குச் சேற்றோடு வந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "பத்து வயசுப் பையன் மாதிரி வந்து நிக்கிறீங்க" என்றாள். திட்டினாளா, பாராட்டினாளா என்று நான் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

மூன்று கேள்விகள்

சரி, சந்தோஷம் உண்மைதான். அதனாலேயே அது சரியாகிவிடுமா? ஆகாது. குடிகாரனுக்கும் சூதாடிக்கும் கூட அந்த நேரத்துச் சந்தோஷம் உண்மைதான். ஆகையால் எந்தச் சந்தோஷத்தையும் மூன்று கேள்விகளுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது: இது யாரிடமிருந்தாவது எடுக்கப்பட்டதா? 1,100 வெள்ளியை நான் மாதம் 110 வெள்ளியாகப் பத்து மாதம் சேர்த்தேன். வீட்டுச் செலவிலிருந்தும் எடுக்கவில்லை. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்புகிற பணத்திலிருந்தும் எடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதையும் குறைக்கவில்லை. மூப்பரின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். கடனுக்கு வாங்கின சந்தோஷத்தை நாளைக்கு வேறொருவர் கட்ட வேண்டிவரும். பணம் மட்டுமல்ல, என் உடம்பும் என் குடும்பத்துக்குச் சொந்தம். கறுப்பு வைரக் குறி போட்ட செங்குத்தான இடங்களில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். வெட்கமில்லை.

இரண்டாவது: இது யாரையாவது மிதிக்கிறதா? டமல்பயஸ் மலையில் நடந்தது இதற்குப் பாடம். சைக்கிள்கள் பெருகினவுடனே, நடக்கிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வேகமாக ஒரு சைக்கிள் வந்தால் எப்படி இருக்கும்? அங்கே பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு அடைக்கப்பட்டன. அகலமான மண் சாலைகளில் மணிக்கு 15 மைல், எதிரே வருவது தெரியாத வளைவில் 5 மைல் என்று வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. இவனுடைய சந்தோஷம் அவனுடைய பயமாக மாறினால் அதற்கு எல்லை போடத்தான் வேண்டும்.

மனுஷரை மட்டுமல்ல, பாதையையும் மிதிக்கலாம். காட்டுப் பாதைக்குப் பெரிய சத்துரு தண்ணீர்தான். பாதை போடுகிறவர்கள் தண்ணீர் ஓரமாக வடிந்துபோகும்படி சாய்த்துப் போடுகிறார்கள். நாம் பின் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனால் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். கோடு ஓடையாகும், ஓடை பள்ளமாகும். சேறு படும் என்று குட்டையைச் சுற்றி ஓட்டினால் பாதை வருஷத்துக்கு வருஷம் அகலமாகிச் செடிகளைத் தின்னும். குட்டைக்குள்ளேயே நேராக ஓட்டிப்போய்ச் சேற்றை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. என் சட்டை அழுக்காகட்டும், காடு இருக்கட்டும்! பலத்த மழை பெய்த மறுநாள் சைக்கிளை வீட்டில் வைத்துவிட வேண்டும். ஆசை இருக்கும்போது போகாமலிருக்கப் பழகினவனே அந்தச் சந்தோஷத்துக்கு எஜமான்.

மூன்றாவது: இதை இன்னொருவரோடு பகிர முடியுமா? மூப்பரின் கேள்வியின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது.

கம்மாக்கரை

நம் சபைக்கு வருகிற ஒரு தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கட்டுமான வேலை. சைக்கிளின் விலையைக் கேட்டார், சொன்னேன். "அண்ணே, என் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பொறாமையாகவும் சொல்லவில்லை. சும்மா கணக்குச் சொன்னார். ஆனால் மற்ற எவருடைய கேள்வியைக் காட்டிலும் இது எனக்குள் ஆழமாக இறங்கிற்று.

மே 1ஆம் தேதி தொழிலாளர் தின விடுமுறை. இருவருமாகச் சாங்கியிலிருந்து படகேறிப் புலாவ் உபினுக்குப் போனோம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்புகிற சின்னப் படகு. அந்தத் தீவு ஒரு காலத்தில் கல் உடைத்த இடம். 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் அங்கிருந்துதான் போனது. இப்போது பழைய கல் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. கேத்தாம் குழியைச் சுற்றி 2008இல் மவுண்டன் பைக்குக்கென்று பாதை போட்டிருக்கிறார்கள். கரையோரக் கடையில் எனக்கு ஒரு வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, என்னுடையதைத் தம்பியிடம் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்! மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறார், இறக்கத்தில் கையைத் தளர்த்திவிட்டுப் போகிறார். கண் பாதையின் கோடியில் இருக்கிறது. "யாருப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "ஊர்ல கம்மாக்கரைதாண்ணே. அப்பா சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டே பழகுனது. மாடு குறுக்க வரும், முள்ளு கிடக்கும், ஒரு பக்கம் தண்ணி. இது அப்படியே அதுதாண்ணே!"

மரின் கவுண்டி வாலிபர்கள் பழைய சைக்கிளில் கண்டுபிடித்ததை, புதுக்கோட்டைக் கம்மாக்கரையில் கால் எட்டாத ஒரு சிறுவன் தன் அப்பாவின் சைக்கிளில் கண்டுபிடித்திருக்கிறான். ஒரு பைசா செலவில்லாமல். சந்தோஷம் அந்த 1,100 வெள்ளிக்குள் இல்லை என்று அன்றைக்குப் பார்த்தேன். நல்ல பிரேக் அதற்குள் இருந்தது. நல்ல ஃபோர்க் இருந்தது. சந்தோஷம் மண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கிடந்தது, எடுக்கிறவர்களுக்கு இலவசமாக.

அதற்காக அந்தத் தம்பி சொன்ன கணக்கு தீர்ந்துபோயிற்று என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் சவாரி சம்பள வித்தியாசத்தைச் சரிப்படுத்தாது. அவர் மறுநாள் காலை லோரியில் ஏறி வேலைக்குப் போனார். அந்தக் கேள்வி என்னோடு இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். அது இருக்கிற வரைக்கும்தான் என் சந்தோஷம் தன் அளவை அறிந்திருக்கும். ஆனால் அவருக்கு வேலை ஓய்வு மட்டும் போதும், விளையாட்டு தேவையில்லை என்று நாம் தீர்மானித்துவிடவும் கூடாது. ஏழைக்கு உதவுவது என்றால் அரிசியும் மருந்தும் மட்டும்தானா? அவனும் சிரிக்கப் பிறந்தவன் அல்லவா? இப்போது மாதத்தில் ஒரு நாள் அந்தச் சைக்கிள் தம்பியுடையது.

பிரியமான சகோதரனே, சகோதரியே, உங்களுக்குச் சைக்கிள் பிடிக்காமலிருக்கலாம். கடற்கரையில் தூண்டில் போடுவது பிடிக்கலாம். மாடியில் பத்துத் தொட்டியில் மல்லிகை வளர்ப்பது பிடிக்கலாம். பல வருஷமாகப் பெட்டிக்குள் பூட்டிவைத்த ஆர்மோனியமாக இருக்கலாம். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று நீங்களே உங்களை அடக்கிவைத்திருப்பீர்கள். அந்த மூன்று கேள்விகளையும் உண்மையாகக் கேட்டுப் பாருங்கள். யாரிடமிருந்தாவது எடுத்ததா? யாரையாவது மிதிக்கிறதா? பகிர முடியுமா? ஒன்றிலாவது பதில் சரியில்லை என்றால் விட்டுவிடுங்கள். மூன்றிலும் மனது சுத்தமாக இருந்தால் எழுந்து போங்கள். யாராவது வந்து "டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டால் வியாதியைத் தேடாதீர்கள். சந்தோஷத்துக்கு எல்லை வேண்டும், சாக்கு வேண்டியதில்லை.